பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்கள்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடியேற்றமும் கிணறும் காணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்க ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியோடு சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். பங்குனி பிறந்தால் அதன் தடத்தில் மாடு மேயும். மலையும் பெருங்காடும் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் என்றாலும் அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்கள் வெயிலுக்கு உரியவை. காண்டாவன நாட்களில் செம்பாட்டுத் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆயிரம் சதுர கிலோமீற்றரை ஒட்டிய இந்த நிலத்தில்தான் இலங்கையின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று உருவானது. 1981 குடிசன மதிப்பீட்டில், பின்னர் தனி மாவட்டமான கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தாலும், குடாநாட்டிலும் தீவுகளிலும் 738,788 பேர் வாழ்ந்தனர்.

இத்தனை பேர் இங்கே எப்படி வந்தார்கள் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு கதைதான் முதலில் கிடைக்கும். கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் வாசித்தான். பரிசாக வடக்கே கிடந்த மணற்றிடரைப் பெற்றான். எதிர்க்கரைக்குப் போய்ச் சனங்களை அழைத்து வந்து குடியேற்றினான். பிறகு ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தில், பொன்பற்றியூர்ப் பாண்டி மழவன் திருநெல்வேலியில் குடியேற்றப்பட்டது போல, இன்ன ஊரிலிருந்து வந்த இன்ன பிரபுவை இன்ன கிராமத்தில் இருத்தினார்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தொடர்கிறது. இதைச் சொல்வது மாதகல் மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’. எழுதப்பட்டது 1736ஆம் ஆண்டளவில். எழுதக் கேட்டவர் மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி. நூல் சொல்லும் நிகழ்ச்சிகளுக்கும் அது எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் 1920களில் இந்நூலை நிறையவே உரசிப் பார்த்துவிட்டார்கள். அரசர் வரிசையும் ஆண்டுக் கணக்கும் பிழை என்று அவர்கள் காட்டியவை இன்று பொதுவாக ஏற்கப்பட்டவை. ஆனால் அவர்களும் பின்வந்தோரும் அந்தக் குடியேற்றப் பட்டியலைப் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் செய்தியாகவே வைத்து விவாதித்தார்கள். என் எண்ணம் வேறு. அந்தப் பட்டியலைப் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆவணமாக வாசித்தால்தான் அது நமக்கு உண்மையான செய்தி எதையும் சொல்லும்.

வெறும் மணற்றிடர் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1917இலிருந்து 1919 வரை ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகக் குழு அங்கே அகழ்ந்தது. தென்னிந்தியப் பெருங்கற்காலக் களங்களில் கிடைக்கும் அதே கறுப்பு–சிவப்பு மட்பாண்டங்கள் அடி மட்டங்களில் வந்தன, கி.மு. முதலாம் ஆயிரவாண்டின் பிற்பகுதிக்கே அவை போகின்றன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் ஈமக்குழி ஒன்றைத் திறந்தபோது, குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் சேர்ந்திருந்த முத்திரை ஒன்று எலும்புக்கூட்டோடு கிடைத்தது. பொ. இரகுபதியின் களஆய்வு 1987இல் நூலாகியபோது இப்படியான பழைய இடங்கள் குடாநாடெங்கும் பரந்திருப்பது தெளிவாயிற்று. 1936இல் கிடைத்த வல்லிபுரம் பொற்சாசனம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி நாகதீபம் என்ற பெயரோடு வசபன் என்ற அரசனின் ஆட்சியில் ஓர் அமைச்சரின் பொறுப்பில் இருந்ததைச் சொல்கிறது. கந்தரோடையின் சிறு தூபிகளையும் இந்தச் சாசனத்தையும் வைத்து முதலில் வந்தவர் யார் என்று இன்றுவரை நடக்கும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. பாண்டத்துக்கு இனப் பெயர் சூட்டுவதில் இரு பக்கத்தாரும் ஒரே அவசரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

பேராசிரியர் கா. இந்திரபாலா இந்த விடயத்தில் எடுத்த திருப்பம் கவனிக்கத்தக்கது. 1965இல் இலண்டனில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், பெரும் அளவிலான தமிழ்க் குடியேற்றம் பொலனறுவை அரசு சரிந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்று அவர் வாதிட்டார். 2005இல் வெளிவந்த நூலில், வந்தவர் போனவர் என்ற சட்டகத்தையே பின்னுக்குத் தள்ளி, பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே பண்பாட்டு வட்டத்தில் இருந்த மக்கள் மெல்ல மெல்லத் தனி இனக்குழுக்களாக ஆன கதையாக அதை எழுதினார். இடையில் நடந்தவை ஆனைக்கோட்டை போன்ற அகழ்வுகள். முப்பது மைல் அகலமான கடலைத் தோணியில் தாண்டி வருவோர் எப்போதும் இருந்தார்கள். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைக் காக்கவும், உடைந்த கப்பலில் யானையும் குதிரையும் இருந்தால் எவ்வளவு பண்டாரத்துக்கு என்று வகுக்கவும் எழுதப்பட்டது. மனித நடமாட்டம் மிகுந்த துறைக்குத்தான் இத்தகைய சட்டம் வேண்டியிருக்கும்.

ஆகவே ‘எப்போது வந்தார்கள்’ என்பதைவிட ‘வந்தவர்கள் எங்கே நிலைத்தார்கள், எதைக் கொண்டு’ என்பதே பயனுள்ள கேள்வி. அதற்கு விடை நிலத்தடியில் இருக்கிறது.

வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு நாற்பதடி ஏறும் என்பது அதன் மறுபக்கம். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேல் நீர் குடிக்கத்தக்கது, ஆழத்தில் இருப்பது உப்பு. வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவுகளிலும் இதே அமைப்பு வேறு வேறு அளவில் உண்டு. நன்னீர் வில்லை தடிப்பாக இருந்த இடத்தில் ஊர் தடித்தது. கோண்டாவில், கொக்குவில், இணுவில், உடுவில் என்று ஊர்கள் வேலிக்கு வேலி முட்டி நிற்பது அங்கேதான். பச்சிலைப்பள்ளியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பனங்காடு.

கிணறு வெட்டுவது சும்மா வேலையல்ல. அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு கல்லைப் பிளந்து, பிளந்த கல்லைக் கூடையில் மேலேற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் தனியே ஆகாது. வெட்டிய பின் இறைப்பு. துலாவின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துத் தொட்டியில் கவிழ்க்க, வாய்க்கால் வழியே வரும் தண்ணீரை இன்னொருவர் பாத்தி பாத்தியாகக் கட்ட வேண்டும். புகையிலைக்கு இப்படி மாதக்கணக்காக இறைத்தாக வேண்டும். திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் போன யாழ்ப்பாணப் புகையிலைதான் இந்தச் சிறு நிலத்தில் பணத்தைப் புழங்கவிட்ட பயிர். விடியற்காலையில் தொடங்கும் அந்த இறைப்புக்கு ஆள் வேண்டும், நிறைய ஆள் வேண்டும். வைபவமாலையின் பிரபுக்கள் துலா மிதித்திருக்க மாட்டார்கள். பட்டியலில் அவர்களோடு ‘அடிமை குடிமைகள்’ என்று பெயரில்லாத கூட்டமாக வருவோர்தான் மிதித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை கிடைக்கிறது. ஒல்லாந்தக் கொமாண்டர் ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் தமக்குப் பின் வருவோருக்காக 1697இல் எழுதி வைத்த குறிப்பில், 1694 டிசெம்பரிலிருந்து 1696 நவம்பர் வரையான இரண்டே ஆண்டுகளில் எதிர்க்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தவர் வாங்கி இறக்கிய அடிமைகள் 3,589 பேர் என்கிறார். தலைக்கு 11 பணம் ஒல்லாந்தக் கம்பனிக்குத் தீர்வை. இவர்கள் ஊர், பெயர், குலம் எதுவும் எந்த மாலையிலும் தொடுக்கப்படவில்லை. தீர்வைக் கணக்கில் மட்டும் இருக்கிறார்கள். எதிர்க்கரையில் பஞ்சமும் போரும் மூண்ட காலங்களில் இந்த வரத்துக் கூடியிருக்கும். வைபவமாலையின் பிரபுக்களை மட்டும் எண்ணினால் குடாநாட்டின் குடித்தொகையில் எத்தனை பங்குக்குக் கணக்குச் சொல்ல முடியும்?

இனிக் காணிக்கு வருவோம். 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கிய போர்த்துக்கேயர் தோம்பு எழுதினார்கள்: எந்தத் துண்டு யாருக்கு, என்ன வரி. 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அதைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். 1706–07இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் திரட்டி, பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்து ஒப்ப, தேசவழமை சட்டமாயிற்று. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற சொத்துப் பிரிவுகளை இன்றும் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் கேட்கலாம். காணியை விற்க நினைப்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அன்று அதன் முக்கிய விதி. வெளியாள் ஒருவர் காசோடு வந்து ஊருக்குள் நுழைவதை இது ஏறத்தாழ முடக்கியது. அதே சட்டத் தொகுப்பில், சில பக்கம் தள்ளி, கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்ற நான்கு அடிமைப் பிரிவினர் மீது உடைமையாளருக்கு உள்ள உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. காணியையும் ஆளையும் ஒரே ஏட்டில் பதிந்தார்கள்.

தேசவழமைக்கு முப்பது ஆண்டு கழித்து எழுந்த வைபவமாலையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். தோம்பில் பெயர் ஏற்றவும் முதலியார், உடையார் பதவி பெறவும் குடும்பங்கள் போட்டியிட்ட காலம் அது. தம் முன்னோன் அரசனாலேயே இந்தக் கிராமத்தில் இருத்தப்பட்டவன் என்ற கூற்று, தோம்புக்கு முந்திய உறுதியாக நின்றது. அந்தப் பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் படைத்தலைவனாக வந்த ஆரியச் சக்கரவர்த்தியைத் தொடர்ந்து பாண்டி நாட்டிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கவே வேண்டும். ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைத் தீர்மானித்தது 1736இன் காணி உரிமை.

1844இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்த பின்னும் கிணறு அந்த ஏட்டை மறக்கவில்லை. யாழ்ப்பாண உறுதியொன்றை எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி, அதிலுள்ள பனை, வடலி, கிணற்றில் எட்டிலொரு பங்கு, வழி வாய்க்கால் பங்கு என்று அது நீளும். 16 பரப்பு ஓர் ஏக்கர். நான்கு பரப்புக்காரரும் கிணற்றுப் பங்குக்காக வழக்காடினார்கள். காணி இல்லாதவருக்குக் கிணற்றில் பங்கில்லை. பங்கில்லாதவர், அதுவும் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர், குடத்தோடு வந்து யாராவது அள்ளி ஊற்றும்வரை வேலியோரம் காத்து நிற்க வேண்டியிருந்தது. கே. டானியல் ‘தண்ணீர்’ என்று பெயரிட்டு ஒரு நாவலே எழுதினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடாநாடு நிரம்பிவிட்டது. பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து காணி சிறுத்தது. அமெரிக்க மிசன் 1816இலிருந்து நடத்திய பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர் ஆனார்கள். ஓய்வூதியத்தோடு திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ ஓட்டு வீடு கட்டினார், காணி வாங்கினார். விலை இன்னும் ஏறியது. காசு இல்லாதவருக்கு ஆனையிறவுக்கு அப்பால் வன்னிதான் வழி. அங்கே காடும் காய்ச்சலும். 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் ஒருவாறு முடிந்த இரணைமடுக் குளமும், 1905இல் காங்கேசன்துறைவரை வந்த ரயில்பாதையும், 1935இன் காணி அபிவிருத்திச் சட்டமும் சேர்ந்த பிறகு, 1936இல் கிளிநொச்சியில் குடாநாட்டவர் குடியேற்றப்பட்டார்கள். பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு என்று படித்த வாலிபர் திட்டங்களும் வந்தன.

அங்கும் பழைய கதை வேறு ஆட்களோடு நடந்தது. 1958, 1977 வன்செயல்களில் அடிபட்டு வந்த மலையகத் தமிழர் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் குடிசை போட்டு, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தில் தங்கினார்கள். திட்டக்காரரின் வயல்களில் கூலி வேலை செய்தார்கள். அனுமதிப்பத்திரம் முன்னவர்களிடம் இருந்தது.

போர் இந்த நெருக்கத்தைக் கலைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகதெருவின் நூற்றாண்டுகள் ஒரு பகலில் காலியாயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் மிஞ்சியோர் 583,882 பேர். மலாயா போன இடத்தில் கனடாவும் ஐரோப்பாவும். ஆளில்லாத வீட்டின் உறுதி ரொறன்ரோவில் ஒரு லாச்சிக்குள் கிடக்க, அந்தக் காணிக் கிணற்றில் யார் அள்ளலாம் என்பதற்கு அற்றோணித் தத்துவம் எழுதுகிறார்கள்.

துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின் நன்னீர் வில்லை மெலிந்துவிட்டது. உரத்தால் நைத்திரேற்றும் ஏறியிருக்கிறது. இரணைமடுவிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் 1936க்குப் பின் குடாநாட்டிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். தங்கள் வயலுக்கே போதாது என்றார்கள். வாதம் நியாயமானது. அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கே வாய்க்கால் என்ற விதியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யாழ்ப்பாணம்தான். கடைசியில் அரசு வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டியது. 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். அந்தக் குழாய்நீருக்கு மாதப் பட்டியல் வரும். கிணற்றுப் பங்கு கேட்க மாட்டார்கள்.