துரும்பும் மனுவும்

"தீர்த்துவிட்டாச்சு" என்ற ஒரே சொல்லில் ஒரு கல்யாணம் முடிந்துபோன காலம் மதுரைச் சீமையில் இருந்தது. மந்தையில் சனம் கூடும். இரு பக்கத்துப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் உட்கார்ந்திருப்பார்கள். கள்ளர் சமூகத்தில், அத்தனை பேர் பார்த்திருக்க, கணவன் ஒரு துரும்பைக் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் உறவு முடிந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் இந்தத் துரும்பு இடம்பெற்றிருக்கிறது. துரும்பு கொடுப்பதென்றால் விலக்குவது, வாங்குவதென்றால் விலகச் சம்மதிப்பது என்று பொருளும் எழுதியிருக்கிறார். காகிதம் இல்லை, காரணம் கேட்பாரும் இல்லை.

இப்படிப்பட்ட வழக்கங்கள் கோர்ட்டில் செல்லுமா என்ற சண்டையும் மதுரை மண்ணிலேயே மூண்டது. ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் உயிரோடிருந்தபோது தந்த அனுமதி ஏதும் இல்லாமல், உறவினர் சம்மதத்தோடு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். அது செல்லாது என்று மதுரை கலெக்டர் வழக்காடினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868-இல் தத்து செல்லும் என்று முடிந்தது. தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதிவைத்த சாத்திரத்தைவிட வலியது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே 1868-இல்தான் ஜே.எச். நெல்சன் மதுரை நாட்டைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். சமஸ்கிருத நூல்களில் உள்ளதையெல்லாம் இந்து சட்டம் என்று, அவற்றை அறியாத தமிழ்க் குடிகள் மேல் ஏற்றுவது தவறு என்று பின்னர் 1877-இல் சென்னை உயர்நீதிமன்றத்தையே எதிர்த்து எழுதியவரும் அவர்தான். இன்று படித்தாலும் அந்தக் கோபத்தில் நியாயம் தெரிகிறது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. சென்னை மாகாணம் 1949-இல் இந்துக்களின் விவாகரத்துக்குச் சட்டம் போட்டது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன் 29-ஆம் பிரிவு, வழக்கப்படி விலகும் உரிமையைத் தொடாமல் விட்டது. ஆனால் இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு அந்தச் சட்டத்தில் 1976 வரை இடமே இல்லை. மந்தையில் ஒரு துரும்பு செய்த வேலை அது.

அதற்காக மந்தையைப் போற்றிப் பாட முடியாது. பெண்ணின் நியாயத்தையும் அங்கே ஆண்கள்தான் பேசினார்கள். கைவிடப்பட்டவளுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் வேறொரு கதவைத் திறந்தது. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்க முடிந்தது. தொடக்கத்தில் உச்ச வரம்பு மாதம் 50 ரூபாய். பின்னால் 125-ஆம் பிரிவாக மாறியபோது அது 500. 2001-இல்தான் வரம்பே எடுபட்டது.

துரும்பு கணவன் மனைவியைப் பிரிக்கும். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் அந்தக் கேள்வியைப் பிள்ளையின் நலனை முன்வைத்து ஜில்லா கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது.

இன்று மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) எண்ணோடு நிற்கும் மனுவில், கல்யாணம் நடந்த தேதி, ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த வீடு, பிள்ளைகளின் வயது எல்லாம் வரிசையாக வரும். கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் கூடவே இணைந்திருக்கும். தாய்வீட்டுக்கு வந்துவிட்ட மனைவி, தான் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனு போடலாம் என்பது 2003-இல் கிடைத்த உரிமை. 1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி, வக்கீல் வைப்பது கட்சிக்காரரின் உரிமை அல்ல. நீதிமன்ற அனுமதி வேண்டும். தம்பதி தாமே வாய் திறந்து பேசட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

மந்தையில் தீர்த்துக்கொண்டவர்களும் சிலசமயம் இங்கே வந்து நிற்க நேர்கிறது. வழக்கப்படி விலகியதாகச் சொன்னால் போதாது, அந்த வழக்கத்தை மனுவில் எழுதி நிரூபிக்கவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. எத்தனை தலைமுறையாக உண்டு, யார் யார் கூடினார்கள், என்ன கொடுத்தார்கள் என்று சாட்சிக் கூண்டில் ஏறும் பெரியவரிடம் வக்கீல் கேட்பார்.