வாஞ்சூர் எல்லையும் கடை மூடும் நேரமும்

2025 ஆகஸ்ட் மாதம் புதுச்சேரியில் ஒரு ரெஸ்டோ பாரில் நள்ளிரவு தாண்டி நடந்த தகராறில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் கத்திக்குத்துப்பட்டு இறந்துபோனார். அந்த வாரம் முழுவதும் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் இதே பேச்சுதான். "ராத்திரி பத்து மணிக்கே எல்லாத்தையும் இழுத்து மூடணும்" என்றார் ஒருவர். "மூடினா என்ன, பக்கத்து ஊருக்குப் போயிக் குடிப்பான்" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருப்பதாக எனக்குப் பட்டது. நான் வாய் திறக்கவில்லை. காரைக்காலில் பிறந்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகவே இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்த விஷயத்தில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நம் காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல். மற்ற பக்கமெல்லாம் பழைய தஞ்சாவூர் ஜில்லா. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அது படிப்படியாக விரிந்து, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி காந்தி பிறந்த நாளில் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டது. காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்தது. சுற்றிலும் காய்ந்த நிலம், நடுவில் ஒரு ஈரமான தீவு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறிய பிறகும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்த பிறகும் இந்த நிலைமை மாறவில்லை. கொடி மாறியது, கடை மாறவில்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் சாயங்கால பஸ்ஸில் நாகூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வரும்போது அமைதியாக வருவார்கள். திரும்பும்போதுதான் சத்தம். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்குப் போலீஸ் நிற்கும். வாயை ஊதச் சொல்லும். அதற்குப் பயந்து சிலர் போதை தெளியும்வரை இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார்கள். கடை வாசலிலும் பாலத்தடியிலும் நடந்த அடிதடியில் பாதி இப்படிக் காத்திருந்த நேரத்தில் நடந்ததுதான். அங்கே போட்ட சட்டத்தின் சத்தம் இங்கே கேட்டது.

எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிரான்சில் 1873 ஜனவரி 23-ஆம் தேதி பொது இடத்தில் குடிபோதையை ஒடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். தெருவில் போதையில் கிடந்தவனுக்கு முதல் தடவை 1 முதல் 5 பிராங்க் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம் குடித்தவனோடு நிற்கவில்லை. போதை தலைக்கேறியது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஒருவனுக்கு ஊற்றிக் கொடுத்தால் கடைக்காரனுக்கும் தண்டனை. 16 வயது ஆகாத பிள்ளைக்குக் கொடுத்தாலும் தண்டனை. அந்தச் சட்டத்தை மேரி வாசலிலும், ஒவ்வொரு மதுக்கடையின் பெரிய அறையிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். "விற்கிறவனும் படிக்கட்டும் என்றுதான் சுவரில் ஒட்டினார்கள்" என்றார் ஆசிரியர். அப்போது அது எனக்குப் பரீட்சைக்கு உதவாத ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இனி என் பாக்கிக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்ட் 30-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-இல் மறுபடியும் கதவடைத்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திரும்பத் திறக்கும்வரை எங்கள் எல்லைக் கடைகளுக்கு மறுபடியும் பழைய கூட்டம். அந்த இடைப்பட்ட காலத்தில், 1977 அல்லது 78 ஆக இருக்கும், நான் ஓர் அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை தெற்கு எல்லைக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நடவு வேலை செய்கிறவர். யாரோ எழுதிக் கொடுத்த மனு கையில் இருந்தது. சாராயக்கடையை எடுக்கச் சொல்லி எழுதியிருப்பார் என்று நினைத்துப் பிரித்தேன். அப்படி இல்லை.

"கடைய எடுக்கச் சொல்லலீங்க ஐயா. சனிக்கிழமை மட்டும் வெளக்கு வைக்கிற நேரத்துல மூடச் சொல்லுங்க. அன்னைக்குத்தான் கூலி போடுறாங்க. வெளியூரு ஆளும் அன்னைக்குத்தான் வருது. இருட்டுனதுக்கு அப்புறந்தாங்க அடிதடி எல்லாம்."

"பார்க்கிறோம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தேன்.

சாராயக்கடைகள் ஆண்டுதோறும் ஏலத்தில் போகிறவை என்பது உங்களுக்குத் தெரியும். ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்ட வேண்டும். வாரத்தில் அதிக வியாபாரம் சனிக்கிழமை ராத்திரியில்தான். அந்த நேரத்தைக் குறைத்தால் கிஸ்தி பாக்கி விழும், அடுத்த ஏலத்தில் தொகை இறங்கும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. குறிப்புத் தாளில் இப்படி எழுதினேன்: "கடை விதிகளில் கண்ட நேரப்படி நடைபெறுகிறது. நேரத்தைக் குறைப்பது வருவாயைப் பாதிக்கும். மனுவைக் கோப்பில் வைக்கலாம்." மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். அந்த எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. விதிப்படி சரியான குறிப்பு.

நாலைந்து மாதம் கழித்து அதே ஊர்ப் பெயரோடு வேறொரு காகிதம் வந்தது. சனிக்கிழமை இரவு கடை வாசலில் வெளியூர்க்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் சண்டை. உடைந்த பாட்டில் ஒரு பையன் கண்ணில் பட்டுவிட்டது. பதினாலு வயது. அப்பனை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவன். தாயார் பெயரைப் பார்த்தேன். பழைய கோப்பை எடுத்து ஒத்துப் பார்த்தேன். அதே பெயர். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட.

அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்விதானா என்று ஓய்வு பெற்ற பிறகு தேடித் தேடிப் படித்தேன். சரிதான். பிரேசில் நாட்டில் சாவோ பாலோ அருகே தியாதெமா என்று ஒரு தொழிலாளர் நகரம். கொலைகளுக்குப் பேர்போன ஊர். 2002 ஜூலையில் இரவு 11 மணிக்கு மேல் மது விற்கக் கூடாது என்று நகராட்சி சட்டம் போட்டது. கொலைகள் கணிசமாகக் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல் விடியற்காலை வரை திறந்திருந்த கடைகளின் நேரத்தைச் சுருக்கினார்கள். இரவு அடிதடி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. குடிப்பதை யாரும் தடுக்கவில்லை. கடைசி ஓரிரண்டு மணி நேரத்தை மட்டும் எடுத்தார்கள்.

அதே ஆஸ்திரேலியாவில் நேர்மாறான பாடமும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-இல், சில மாநிலங்களில் மதுக்கடைகளை மாலை 6 மணிக்கே மூட வைத்தார்கள். வேலை முடிவது 5 மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் ஆளாளுக்கு அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். சிட்னி இருக்கிற மாநிலத்தில் இது 1955 வரை நடந்தது. ஆகவே 'விளக்கு வைக்கும் நேரம்' என்பதையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். பிறகு 2014-இல் அதே சிட்னியில், இரண்டு இளைஞர்கள் இரவுத் தாக்குதலில் இறந்ததன் பேரில், நடு நகரத்திலும் கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் இரவு 1.30-க்கு மேல் உள்ளே புதிதாக ஆள் விடக் கூடாது, 3 மணிக்கு மேல் ஊற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. அங்கே வன்முறை குறைந்தது உண்மை. ஆனால் நாளடைவில் எல்லைக்கு வெளியே இருந்த சில பகுதிகளில் கூடியது. 2021-க்குள் அந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு வாஞ்சூர்தான் கண்ணில் நின்றது.

நம் ஊரில் தமிழ்நாட்டுக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் எப்போதும் வித்தியாசம்தான். அங்கே 2016 மே மாதம் டாஸ்மாக் கடைகளைப் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடச் சொன்னார்கள். 500 கடைகளையும் மூடினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எல்லையை ஒட்டி இருப்பவனுக்கு அது மூடிய கதவு ஆகாது. நாலு மைல் சைக்கிள் மிதித்தால் வேறொரு கதவு. 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. அப்போதும் தமிழ்நாட்டில் பல இடங்களில் சாலையோரக் கடை ஊருக்குள் நகர்ந்தது. பெண்கள் மறியலுக்கு வந்தார்கள்.

ஒரே ஒரு தடவை இரண்டு பக்கமும் ஒத்துப்போனதைப் பார்த்தேன். கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்து, 2020 மே 25-இல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் திறந்தபோது, நம் அரசு சிறப்பு வரி போட்டுச் சரக்கு விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு உயர்த்தியது. வெளியூர்க் கூட்டம் வந்து நோய் பரப்பிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். வெறும் விலை வித்தியாசத்துக்காக இங்கே வர யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. பிறகு அந்த வரியை எடுத்தார்கள்; பழைய வித்தியாசம் திரும்பியது. நோய்க்காகச் செய்ய முடிந்ததை அடிதடிக்காகச் செய்ய முடியாதா என்று அப்போதே நினைத்தேன்.

நம் பிரதேசத்துக்கு மதுவால் வருகிற வருமானம் பெரியது. அதில் என் சம்பளமும் வந்தது, இன்று பென்ஷனும் வருகிறது. அதனால் முழு மதுவிலக்கு வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கேட்டாலும் நடக்காது. அந்த அம்மாளும் அதைக் கேட்கவில்லை.

ஒரு குமாஸ்தாவால் முடிந்தது குறிப்பு எழுதுவதுதான். அந்த மனு இன்று என் மேசைக்கு வந்தால் இப்படி எழுதுவேன்:

"மனுதாரர் கடையை அகற்றக் கோரவில்லை, கூலி நாளில் நேரத்தைக் குறைக்கவே கோருகிறார். எல்லைக்கு இருபுறமும் ஒரே மூடும் நேரம் இருந்தாலன்றிப் பயன் முழுமையாகாது என்பதால், அண்டை மாவட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசலாம். போதையில் இருப்பவருக்கு மேலும் விற்கும் கடைக்காரர் மீது நடவடிக்கை எடுக்கலாம். வருவாய் இழப்பு ஏற்படும். அதை ஏற்கலாம். உத்தரவு வேண்டி வைக்கப்படுகிறது."

நாற்பத்தேழு வருஷம் தாமதமான குறிப்பு. அந்தப் பையன் இருந்தால் அவனுக்கும் இப்போது அறுபது வயது ஆகியிருக்கும்.