கடல் கடந்து வந்த துக்கம்

உயிர்த் தோழனின் மரணத்தறுவாயில் அவன் அருகே சென்றிருக்க வேண்டுமென்னும் தாபம், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்குப் பாண்டி நாட்டிலிருந்து பிசிராந்தையார் வந்து சேர்ந்த சங்க காலந்தொட்டு நம்மவர் நெஞ்சில் வேரூன்றியதாகும்.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஜீவனம் தேடிச் சென்ற தமிழருக்கோ அந்தத் தாபம் பெரும்பாலும் நிறைவேறவில்லை. சென்னையையும் பினாங்கையும் 1871-ஆம் ஆண்டிலேயே இணைத்துவிட்ட கடலடித் தந்திக் கம்பி சாவுச் செய்தியை விரைந்து சேர்ப்பித்தது; ஆனால், அதைப் பெற்ற மனிதனைச் சுமந்துகொண்டு நாகப்பட்டினம் வந்தடைய, 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ முதலிய கப்பல்களுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டியிருந்தது. நம் தேசத்து உஷ்ணத்தில் பிரேதத்தை அத்தனை நாள் வைத்திருத்தல் இயலாதாகையால், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, அலைகளை எண்ணியவாறு வந்தவனுக்குத் தோழனின் முகம் கிட்டவில்லை. எரிந்தடங்கிய மயானமே எஞ்சியிருந்தது.

ஆயினும் அவன் வந்தான். கல்யாணத்துக்கு அழைத்தால் போவதும், சாவுக்கு அழையாமலே போவதும் நம் கிராம தர்மம் அல்லவா? பதினாறாம் நாள் கருமாதிக்குள் வந்துவிட முயன்றான். அது தவறினால், மாதங்கள் கழிந்த பின்னரேனும் அவ்வீட்டு வாசலில் நின்று துக்கம் விசாரித்தான். அவனைக் கண்டதும், மரணம் அன்றுதான் சம்பவித்தாற்போல் வீட்டுப் பெண்டிர் புதிதாக அழுதனர்.

1973-இல் ‘ரஜூலா’ அந்தக் கடல்வழியிலிருந்து விடைபெற்றது. விமானம் இன்று சில மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. முகங்காண முடியாது போயினும், தோழனின் வாசலை மிதிக்கத் தவறாதீர்கள்.