குளிர் தேநீரும் டின்பாலும்

வெயில் வேளையில் பினாங்கு, ஜார்ஜ் டவுன் கடைகளில் நாம் விரும்பிக் குடிப்பது ஐஸ் போட்ட தேநீர். அண்டை நாடாகிய தாய்லாந்தில் இதையொத்த பானத்துக்குச் 'சா யென்' என்று பெயர். குளிர்ந்த தேநீர் என்பது பொருள். இரண்டுக்கும் சுவை கூட்டுவது டின்பால்.

அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். பாலைச் சுண்டச் செய்து கெடாமல் வைக்கும் முறைக்கு 1856இல் அமெரிக்கரான கெயில் போர்டன் காப்புரிமை பெற்றார். சர்க்கரை சேர்த்து டின்னில் அடைத்த பால், குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் வெப்ப நாடுகளுக்குப் பெரிதும் உதவியது.

ஆனால், தாய்ப்பாலுக்கு ஈடென்று நம்பிக் கைக்குழந்தைக்குக் கொடுத்தபோது கேடு விளைந்தது. சர்க்கரை மிகுந்த அப்பாலில் குழந்தை வளரத் தேவையான சத்துகள் போதா. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே இதனைத் துணிந்து கண்டித்தார். அவ்வுரை 1986இல் நம் பினாங்கிலிருந்து நூலாக வெளிவந்தது.

இன்று 'கிரீமர்' என விற்கப்படும் டின்கள் பலவற்றில் பாற்கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்கிறது. டின்னில் அச்சிட்டிருப்பதைப் படித்தே வாங்குவோம்.

வீட்டில் செய்வது எளிது. இரண்டு தேக்கரண்டித் தேயிலைத் தூளை ஒரு குவளை கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுவோம். ஐஸ் உருகிச் சுவை குறையுமாதலால் சாயம் கடுப்பாகவே இருக்கட்டும். சூட்டிலேயே டின்பாலைக் கலக்கி, ஆறியபின் ஐஸ் மீது ஊற்றுவோம்.

பெரியவர்கள் அளவோடு பருகுவோம். தொட்டில் பிள்ளைக்குத் தாய்ப்பாலே தருவோம்.