நயா பைசா வந்த ரமளான்

எம்.கே.பி. நகர், வியாசர்பாடிப் பக்கம் வயதில் மூத்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தால், அரை மணி நேரத்திற்குள் ஒரு முறையாவது ‘நாலணா’, ‘எட்டணா’ என்ற சொற்கள் காதில் விழும். “அவன் சொல்வது பதினாறணா உண்மை” என்பார்கள். அணா என்ற கணக்கு சட்டப்படி முடிந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது முடிந்த நாள் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. அதே வாரத்தில்தான் ஹிஜ்ரி 1376ஆம் ஆண்டின் ரமளான் மாதமும் பிறந்தது. நாணய வரலாற்றை எழுதுவோர் இந்தப் பொருத்தத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நமக்கு உண்டு. ஸதகா, ஜகாத், ஃபித்ரா என்று கைகள் அதிகம் நீளும் மாதத்தில், அந்தக் கைகளில் இருந்த காசே மாறியது.

பழைய கணக்கை இளையவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆக, ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துக்கொண்டே போவதற்கு இது மிக வசதியான கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட மனத்திலேயே போட்டுவிடுவார். பெரிய பேரேடுகளில் கூட்டிப் பெருக்குவதற்குத்தான் அது தொல்லை. 1955இல் நாடாளுமன்றம் நாணயச் சட்டத்தைத் திருத்தி, ரூபாயை நூறு பாகமாகப் பிரிக்க முடிவு செய்தது. நடைமுறைக்கு வந்தபோது நிதியமைச்சராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ரூபாய் மாறவில்லை, அதன் உட்பிரிவு மட்டுமே மாறியது. புதிய நூறில் ஒரு பங்குக்கு, பழைய பைசாவோடு குழம்பாதிருக்க, ‘நயா பைசா’ என்று பெயரிட்டார்கள்.

நூறாகப் பிரிப்பது நம்மில் சிலருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு வந்துவிட்டது. மலாயாவிலும் வெள்ளிக்கு நூறு காசுதான். கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்க் குடும்பங்கள் ஊருக்கு வந்தால் அணாவிலும், கடல் கடந்தால் சதத்திலும் எண்ணிப் பழகியவை. ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும், பெரம்பூர் ரயில்வே பணிமனையிலும் பின்னி ஆலையிலும் கூலிக்கு நின்றவருக்கும், ராயபுரத்தில் மீன் கூடை சுமந்தவருக்கும் இது முற்றிலும் புதிய எண்.

புதிய காசுகளை மக்களிடம் அறிமுகப்படுத்திய விதத்தில் ஒரு குறை இருந்தது. ஒரு நயா பைசா வெண்கலத்தில் வட்டமாக வந்தது. ஐந்து சதுரம். இரண்டும் பத்தும் விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல இருந்தன. வடிவத்தைக் கொண்டே அடையாளம் காணலாம் என்பது எண்ணம், நல்ல எண்ணமும்கூட. ஆனால் அன்று கையில் புழங்கிய பழைய அரையணாவும் இரண்டணாவும் சதுரம்தான். ஓரணாவின் விளிம்பும் வளைந்ததுதான். பழையதும் புதியதும் ஒரே சுருக்குப் பையில் கிடக்க, விரலால் தடவிக் காசறிந்தவருக்கு, குறிப்பாகப் பார்வையற்றவருக்கு, அது எத்தகைய சோதனையாக இருந்திருக்கும்! ரூபாயில் இது எத்தனையாவது பாகம் என்று விளக்கும் வரியோ காசின் மேல் தேவநாகரி எழுத்தில் மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டுச் சந்தையில் அந்த விளக்கம் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் காசுகள் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களின் அரசு அக்கசாலைகளிலிருந்து வந்தன. வடசென்னையில் ‘தங்கசாலை’ என்ற தெருப்பெயர் இன்றும் இருக்கிறது. நாணயம் அடித்த சாலை என்பதே அதன் பொருள். ஆனால் அந்தச் சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மூடப்பட்டுவிட்டது.

சிக்கல் எண்ணில் இருந்தது. நாலணா 25 நயா பைசா, எட்டணா 50. இவை சிதறாமல் மாறின. ஓரணாவோ ஆறேகால். கால் நயா பைசா என்று ஒரு காசு இல்லை. எனவே சட்டம் ஒரு விதி வைத்தது: மிச்சம் பாதியோ அதற்குக் குறைவோ ஆனால் விட்டுவிட வேண்டும், பாதிக்கு மேல் போனால் முழுதாக எண்ண வேண்டும். அதன்படி ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19. மாற்று அட்டவணைகள் அச்சாகிக் கடைச் சுவர்களில் தொங்கின. அட்டவணையில் பொய் இல்லை. ஆனால் அதன் மிகக் கீழே இருந்த வரியைப் பாருங்கள். காலணா என்பது ஒன்றரை நயா பைசாவுக்குச் சற்று மேல். விதிப்படி அது 2.

காலணாவுக்கு வெற்றிலை, காலணாவுக்கு உப்பு என்று நாளுக்கு நான்கு முறை தனித்தனியாக வாங்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் அது நாளுக்கு ஓரணா. முப்பது நாளைக்கு ஒரு ரூபாய் பதினாலு அணா. அதே சரக்கை மாதக் கணக்கில் எழுதி வாங்கும் வீட்டுக்காரர், மொத்தத்தை ஒரே முறை மாற்றி ஒரு ரூபாய் 87 நயா பைசா கொடுத்து முடிப்பார். அன்றாடம் கைக்காசுக்கு வாங்குபவர் ஒவ்வொரு முறையும் இரண்டு இரண்டாகக் கொடுத்தால், மாத முடிவில் இரண்டு ரூபாய் 40. அரை ரூபாய்க்கு மேல் வேறுபாடு. பழைய காலணாக்காசு கையில் இருக்கும்வரை அதையே கொடுத்துத் தப்பிக்கலாம். சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே செல்லுபடியாயின. ஆனால் சில்லறை திரும்பி வரும்போது எந்தக் காசு வரும் என்பதைத் தீர்மானிப்பவர் கல்லாவில் இருப்பவர் அல்லவா?

இப்போது பள்ளிவாசல் வாசலுக்கு வருவோம். தர்மம் கேட்டு நிற்பவருக்கு ‘ஒரு காசு’ இடுவது பழக்கம். அந்த ஒரு காசு பெரும்பாலும் காலணா. போர்க்காலத்தில் அடித்த, நடுவில் துளையுள்ள ஓட்டைக் காலணாவும் உண்டு. ஏப்ரலுக்குப் பிறகு ஆகச் சிறிய காசு ஒரு நயா பைசா. பழக்கம் மாறாத கை அதை இட்டால், வாங்குபவருக்குக் கிடைப்பது காலணாவின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அவர் அதைக் கொண்டு கடைக்குப் போனாலோ, காலணாச் சரக்கின் விலை இரண்டு நயா பைசா. கொடுத்தவர் குறைத்துக் கொடுக்க நினைக்கவில்லை. விற்றவர் சட்டத்தை மீறவில்லை. இருந்தும் ஏழையின் கைக்கு வரும்போது காசு சுருங்கியது, அவர் கையை விட்டுப் போகும்போது விலை நீண்டது. அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே, சூரத்துல் முதஃப்பிஃபீன், அருளப்பட்டிருக்கும் சமுதாயத்திற்கு இந்த அரைக்காசு சிறிய விஷயமாகத் தோன்றாது. (இன்று கடைகளில் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் நீட்டப்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் காலணாவின் நினைவு வரும்.)

ஜகாத் கணக்கு மட்டும் இந்த மாற்றத்தால் அசையவில்லை. நாற்பதில் ஒரு பங்கு என்பதால், பத்து ரூபாய்க்கு நாலணா. அது அப்படியே 25 நயா பைசா. நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய் முன்பும் பின்பும் ஒன்றே. ஒரு ரூபாய்க்கு நான்கே முக்கால் தம்பிடிக்குச் சற்று மேல் என்று தடுமாறிய இடத்தில், இரண்டரை நயா பைசா என்ற தெளிவும் வந்தது. ஃபித்ராவோ தானியத்தின் அளவு. காசு எதுவானாலும் அதற்குக் கவலையில்லை.

இந்த உறுதிக்கு ஒரு பழைய காரணம் உண்டு. இஸ்லாமிய அரசும் நாணய மாற்றத்தைச் சந்தித்ததுதான். தொடக்கக் காலத்தில் ரோமானியரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசும் கலந்தே புழங்கின. திர்ஹங்களின் எடை ஒன்றுபோல் இல்லை. உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டு உருவங்களை நீக்கி, எழுத்து மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திர்ஹமும் வந்தது. பத்து திர்ஹத்தின் எடை ஏழு மிஸ்கால் என்ற விகிதம் நிலைபெற்றது. மார்க்க அறிஞர்கள் நிஸாபை எடையோடு கட்டி வைத்ததால், அதற்குப் பின் எத்தனை அரசுகள் எத்தனை காசு அடித்தாலும் 200 திர்ஹம் வெள்ளி 200 திர்ஹம் வெள்ளியாகவே இருந்தது.

நம் நாட்டில் அந்த எடையைத் தோலாவில் சொன்னார்கள். ஒரு தோலா என்பது பழைய வெள்ளி ரூபாயின் எடை. ரூபாய் நாணயத்தையே தட்டில் வைத்து நிறுத்ததும் உண்டு. நயா பைசாவைத் தொடர்ந்து 1958 முதல் படிப்படியாகக் கிராமும் கிலோவும் வந்தன, தோலாவும் போயிற்று. 1964 ஜூன் முதல் தேதி ‘நயா’ என்ற அடைமொழியும் நீங்கி வெறும் பைசாவானது. நாலணா என்று நாம் அழைத்துவந்த 25 பைசாவும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு ரமளானிலும் ஜகாத்துக்கான வெள்ளியின் அளவு 612 கிராம் என்று சொல்லக் கேட்கிறோமே, அந்த விசித்திரமான எண் ஐம்பத்திரண்டரைத் தோலாவின் கிராம் கணக்கு. அதாவது, ஐம்பத்திரண்டரைப் பழைய ரூபாய்களின் எடை.