விழித்திரைப் படங்களும் உழைப்பின் வரலாறும்

யந்திரங்கள் தாமாகவே அறிவு பெறுவதாக இன்று பலர் பேசுகின்றனர். அவ்வறிவு எவருடைய உழைப்பிலிருந்து திரட்டப்பட்டது என்று வினவுவோர் சிலரே. நீரிழிவினால் விழித்திரையில் உண்டாகும் நோயைக் கணினிக்குக் கற்பித்த வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம். அதில் தமிழ்க் கிராமங்களுக்கும் பங்குண்டு.

1976-இல் டொக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். கிராமங்களுக்குச் சென்று முகாமிட்டுக் கண்களைச் சோதிப்பது அதன் வழக்கமாயிற்று. பின்னாளில் பயிற்சி பெற்ற ஊழியர் விழித்திரையையும் படம்பிடிக்கலாயினர். படத்தைப் பார்த்து நோயின் தரத்தைச் சொல்ல நிபுணர் வேண்டும், நிபுணரோ நகரத்தில். யந்திரத்தின் துணை நாடப்பட்டது இதனாலேயே.

2015-இல் காகிள் நிறுவனம் கலிபோர்னியப் படங்களைக் கொண்டு ஒரு பெரும் போட்டியை நடத்தியது. பயிற்சிக்கு மட்டும் 35,126 படங்கள். 2016-இல் கூகிள் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வுக்கு 128,175 படங்கள் பயன்பட்டன. அமெரிக்கப் படங்களோடு, அரவிந்த் உட்பட மூன்று இந்திய வைத்தியசாலைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். 54 வைத்தியர்கள் அவற்றைத் தரம் பிரித்தனர். ஒவ்வொரு படமும் மூன்று முதல் ஏழு தடவை பார்க்கப்பட்டது. ஏன் இத்தனை தடவை? ஒரே படத்தை இரு வைத்தியர் இருவேறு தரத்தில் வைப்பதுண்டு. யந்திரம் உண்மையென்று கற்றது பெரும்பான்மையோர் தீர்ப்பையே.

2019-இல் ஆசிய பசுபிக் தொலைக் கண்மருத்துவச் சங்கத்தின் போட்டிக்கு அரவிந்தின் படங்களே ஆதாரமாயின. பயிற்சிக்கு அளிக்கப்பட்டவை 3,662. அவற்றுள் நோயற்றவை 1,805, கடுமையான நிலையைக் காட்டுபவை 193 மாத்திரமே. பல இடங்களில், பல்வகைக் கமராக்களால், நீண்ட காலமாக எடுக்கப்பட்டவை. சில மங்கல், சில ஒளி மிகுந்தவை. இக்குறைகளே அவற்றின் சிறப்பு என்பது நமது துணிபு. நாளை யந்திரம் கிராமத்தில் காணப்போவதும் இத்தகைய படங்களைத்தானே!

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் பெயர் எந்தப் பற்றுச்சீட்டிலும் ஏறுவதில்லை. போட்டியில் வென்றோர் பெயர்கள் பட்டியலில் உள்ளன. பரிசுப் பணமும் அவர்களுக்கே. கண்ணைக் காட்டிய விவசாயியின் பெயர் அங்கில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கப் பெயரை நீக்குவது முறையே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயின், பெயரோடு அவருடைய உரிமையும் நீங்கிவிடுமா? அப்படங்களால் பிறக்கும் யந்திரம் அவருடைய ஊருக்கு என்ன விலையில் திரும்பி வரும்?

டொக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் இலங்கையிற் கண்தானச் சங்கத்தை நிறுவினார். இங்கு தானமளிக்கப்பட்ட கண்கள் கடல் கடந்து அந்நியருக்கும் ஒளி தந்தன. கொடுத்தவர்கள், தாம் எதைக் கொடுக்கிறோம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தார்கள். விழித்திரைப் படத்தைக் கேட்டு வருவோரும் அவ்வளவேனும் விளக்கிச் சொல்லவேண்டுமென்று நம் நாட்டு வைத்தியசாலைகளை நாம் கேட்பது நியாயமே.