ரோமானிய மாகாண நகரங்களின் வெண்கல நாணயங்கள்

ரோமானியப் பேரரசின் மாகாணங்களில் அடங்கிய நகரங்கள், ஏறத்தாழ கி.மு. 44 முதல் கி.பி. 296 வரை, தத்தம் பெயரில் வார்த்தடித்து வெளியிட்ட சில்லறைக் காசுகள் மாகாண நகர நாணயங்கள் எனப்படும். பொன் நாணயத்தைப் பேரரசு தன்வசம் வைத்துக்கொண்டது. அன்றாடக் கடைவீதிக்கு வேண்டிய வெண்கலக் காசை நகர மன்றங்களே வெளியிட்டன. பெரும்பாலான காசுகளின் முகப்பில் பேரரசரின் தலையும், பின்புறத்தில் நகரம் தானே தேர்ந்துகொண்ட உருவமும் இடம்பெற்றன.

தொடக்கத்தில் மேற்கே ஸ்பெயின், கால் (Gaul) நாட்டு நகரங்களும் இவற்றை வெளியிட்டன. எகிப்து வெல்லப்பட்டதைக் குறிக்கும் வகையில், பனைமரத்தில் கட்டுண்ட முதலையைப் பொறித்த நெமாசஸ் (இன்றைய நீம்) நகரக் காசு அவற்றுள் புகழ்பெற்றது. பேரரசர் கிளாடியஸ் (கி.பி. 41–54) காலத்துக்குள் மேற்கில் இவ்வழக்கம் மறைந்தது, கிரேக்க மொழி வழங்கிய கிழக்கில் அது வளர்ந்து, செவரஸ் மரபினர் ஆண்ட 193–235 காலப்பகுதியில் உச்சம் எய்தியது.

நகரங்கள் தம் தொன்மையையும் தெய்வங்களையும் காசில் பொறித்தன. எபேசு ஆர்ட்டமிஸ் கோயிலைக் காட்டியது. ஸ்மிர்னா, மரத்தடியில் உறங்கும் அலெக்சாந்தருக்கு நெமெசிஸ் தேவியர் இருவர் கனவில் தோன்றி நகரை அமைக்கப் பணித்த கதையைக் காட்டியது. ஃபிரிஜியாவின் அபாமியா, நோவாவும் மனைவியும் பெட்டி வடிவப் பேழையில் நிற்பதை அவர் பெயருடன் பொறித்தது. அழிந்துபோன சிலைகளின் தோற்றமும் இவற்றால் தெரிகிறது: ஒலிம்பியாவில் ஃபிடியாஸ் செய்த சியூசு சிலையை ஹாத்ரியன் காலத்து எலிஸ் காசுகளில் காணலாம்.

நகரங்களுக்கிடையிலான போட்டியும் இணக்கமும்கூடக் காசில் பதிந்தன. பேரரசர் வழிபாட்டுக் கோயிலைக் காக்கும் நகரம் என்று பொருள்படும் ‘நியோகோரோஸ்’ பட்டத்தை எபேசு, ஸ்மிர்னா, பெர்கமோன் ஆகியவை போட்டியிட்டுப் பொறித்தன. ‘ஹோமோனோயா’ எனப்படும் நல்லிணக்கக் காசுகள் இரு நகரங்களின் தெய்வங்களை அருகருகே நிறுத்தின. 211இல் பேரரசர் கராகல்லா தம் தம்பி கெட்டாவைக் கொல்வித்து அவர் நினைவையே அழிக்க ஆணையிட்டபின், சில நகரங்கள் காசிலிருந்த கெட்டாவின் முகத்தைச் செதுக்கி நீக்கின.

மூன்றாம் நூற்றாண்டில் பேரரசின் வெள்ளி நாணயம் தரம் குறைந்து விலைகள் ஏறியதால், வெண்கலச் சில்லறை வெளியிடுவது நகரங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. காலியெனஸ் ஆட்சிக்குப்பின் (253–268) பெரும்பாலான நகர அக்கசாலைகள், அதாவது நாணயம் அடிக்கும் பட்டறைகள், மூடப்பட்டன. பேரரசர் டயோக்ளீஷியனின் நாணயச் சீர்திருத்தத்தையொட்டி அலெக்சாந்திரியாவின் தனி நாணயமும் 296 அளவில் முடிவுற்றது. பேரரசர்களின் வரலாற்றை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அவர்களுக்குக் கீழிருந்த நகரங்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னதை அறிய இக்காசுகள் முக்கியச் சான்றுகள்.